போர்மேனக்கா பாலிசி எடுத்த கதை

விருதுநகர் மாவட்டத்தில் இடி, மின்னல் இரண்டைத் தவிர வேறு எதற்கும் அசைந்து கொடுக்காத ஒரு மனுஷி உண்டென்றால் அது எங்கள் போர்மேனக்காதான். அந்த இரண்டுக்கும்கூட அவர் பயந்தார் என்று சொல்லிவிட முடியாது. அவை வந்து சேர்வதற்குள் கம்பெனியைக் காலி செய்துவிடுவார். மின்னல் வந்து பார்த்தால் பூட்டுதான் தொங்கும்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் எட்டு வருஷம் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஆபீஸ் என்றால் கேட்டை ஒட்டி ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஓடும்போது தலையையும் சேர்த்து ஆட்டும் ஒரு மின்விசிறி. உள்ளே, கருவேலங்காட்டைத் திருத்திய பொட்டலில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். எண்பது பேர் வேலை பார்த்தார்கள். அந்த எண்பது பேருக்கும் பொறுப்பு போர்மேனக்கா. எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம், வெடிமருந்து எவ்வளவு கலக்கலாம், எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் போர்மேன் கையில். அதற்கு அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறியிருக்க வேண்டும். போர்மேன் இல்லாமல் கம்பெனி ஒரு நாள்கூட ஓடக் கூடாது என்பது சட்டம்.

பதினெட்டு வயதில் பெட்டியில் லேபிள் ஒட்டும் வேலைக்கு வந்தவர் அக்கா. தபாலில் படித்து, பரீட்சை எழுதி, அதே கம்பெனிக்குப் போர்மேன் ஆனார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. சம்பளத்தன்று மட்டும் அது வெளியே வந்துவிட்டு உள்ளே போய்விடும். ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி சிரித்துக்கொண்டே, "பொம்பளைக்கு எப்படிம்மா போர்மேன்னு பேரு?" என்று கேட்டார்.

"சர்டிபிகேட்ல அப்படித்தான் அடிச்சுக் குடுத்திருக்கீக சார். மேன் வேண்டாம்னா நீங்கதான் திருத்தித் தரணும். சம்பளத்துல மட்டும் கை வச்சிராதீக" என்றார் அக்கா.

அதிகாரி அதன்பின் தீயணைப்பு வாளிகளை எண்ணப் போய்விட்டார்.

அக்காவின் உயரம் நாலே முக்கால் அடி. கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் விசில். காலை ஏழு மணிக்குக் கேட்டில் நிற்பார். செல்போன், கொலுசு, நைலான் சேலை, ஆணி அடித்த செருப்பு எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போக முடியாது. நைலான் உரசினால் மின்சாரம் பிறக்கும், அது மருந்துக்கு ஆகாது என்பது கணக்கு. புதுசாகக் கல்யாணமான ஒரு பெண், சீர்வரிசையில் வந்த பளபளா சேலையோடு வேலைக்கு வந்தாள். அக்கா திருப்பி அனுப்பினார். "எம் மருமகளை எப்படி வாசல்ல நிறுத்தலாம்?" என்று மாமியார் சண்டைக்கு வந்தார். அக்கா மாமியாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க கட்டியிருக்கதும் நைலான்தான். ரெண்டடி தள்ளி நின்னு திட்டுங்க" என்றார்.

முதலாளி தன் புது மருமகனைக் கம்பெனியைக் காட்டக் கூட்டி வந்த அன்று நாங்கள் எல்லோரும் ஆபீஸ் ஜன்னலில் இருந்தோம். மாப்பிள்ளை பட்டுச் சட்டை, பளபளக்கும் ஷூ. அக்கா கேட்டை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நம்ம வீட்டு மாப்பிள்ளைம்மா" என்றார் முதலாளி.

"எனக்குத் தெரியுது மொதலாளி. மருந்துக்குத் தெரியாதுல்லா?"

மாப்பிள்ளை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடித்துவிட்டுப் போனார். அவர் அதன்பின் கம்பெனிப் பக்கம் வந்ததாக நினைவில்லை.

தீபாவளி சீசனில்தான் அக்காவின் உண்மையான அழகு வெளிப்படும். வாசலில் லோடு ஏற்ற லாரி நிற்கும். வடக்கே எங்கிருந்தோ ஆர்டர் கொடுத்தவர் போனில் கத்திக்கொண்டிருப்பார். அப்போது பார்த்து வானத்தின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேகம் தலைகாட்டும். அடுத்த நிமிஷம் விசில் சத்தம். எண்பது பேரும் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்துவிடுவார்கள்.

"ஏம்மா, மேகம் விருதுநகருக்கு மேலல்லா நிக்குது?" என்று முதலாளி பதறுவார்.

"இங்கன வர்றதுக்கு அது பஸ்ஸுக்கா காத்துக் கெடக்கணும்?" என்பார் அக்கா.

நாலுக்கு மூன்று தடவை மழை வராது. மறுநாள் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். "வராத மழைக்கு நன்றி சொல்லுங்க மொதலாளி. வந்திருந்தா நாம பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு அக்கா ரவுண்டுக்குக் கிளம்பிவிடுவார்.

இப்படிப்பட்டவர் ஒரு பாலிசி எடுக்கக் கிளம்பியதும், இன்சூரன்ஸ் உலகத்தை ஏழு மாதம் தூங்கவிடாமல் செய்ததும்தான் நான் சொல்ல வந்த விஷயம். ஆனால் அது சிரிப்பில் ஆரம்பிக்கவில்லை.

அக்காவும் முத்துமாரி என்ற பெண்ணும் ஒரே நாளில் லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முத்துமாரி பிற்பாடு பக்கத்து ஊரில் வேறொரு கம்பெனிக்கு மாறிப் போனாள். ஒரு மதியம் அங்கே வெடித்தது. எங்கள் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செத்துப் போனவர்களில் முத்துமாரியும் ஒருத்தி.

முத்துமாரி ஏற்கெனவே ஒரு பாலிசி போட்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் எல்லோருக்கும் ஒரு சின்ன ஆறுதல். பிள்ளைகளுக்காவது ஏதாவது வருமே! மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம்தான் வந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். இங்கிலீஷ். நான் படித்துச் சொன்னேன். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் தையல் என்று இருக்கிறது. எழுதிக் கொடுத்தது ஏஜெண்ட். உண்மையைச் சொன்னால் பாலிசி கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும் என்று அவரே தையல்காரி ஆக்கிவிட்டிருக்கிறார். தையல்காரிக்குப் பட்டாசு அறையில் என்ன வேலை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டிருந்தது. பணம் இல்லை.

"அவளுக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுலே" என்றார் அக்கா. கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை கேட்டிலேயே என்னைப் பிடித்தார். "தம்பி, எனக்கு ஒரு பாலிசி எடுக்கணும். தொழில்ங்கிற எடத்துல பட்டாசுன்னு இருக்கணும். பட்டாசுன்னு எழுதியும் எவன் குடுக்கானோ அவன்கிட்டதான் எடுப்பேன்."

முதலில் வந்தவர் பாலிசி மச்சான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி, இன்சூரன்ஸ் ஏஜெண்ட். முதலாளிக்கு மச்சினன் என்பதால் கம்பெனிக்கே மச்சான். அவர் பையில் இருந்து வழவழப்பான காகிதங்களை எடுத்து விரித்தார். இருபது வருஷம் கட்டினால் திருப்பித் தருவது, நடுநடுவே தருவது, மகள் கல்யாணத்துக்குத் தருவது என்று வகைவகையாக இருந்தன.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் செத்தா எம்புட்டு?" என்றார்.

மச்சான் தொகையைச் சொன்னார். அது அக்காவின் ஒன்றரை வருஷச் சம்பளம்.

"ஒன்றரை வருஷத்துல எம் மக நர்சிங் படிப்பே முடியாதே. வேற என்ன இருக்கு?"

மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டேர்ம் பாலிசின்னு ஒண்ணு இருக்குக்கா. தொகை பெருசு, கட்டுறது கம்மி. ஆனா அது வேஸ்ட். செத்தாத்தான் பணம். உசுரோட இருந்தா ஒத்தப் பைசா திரும்ப வராது."

"உசுரோட இருந்தா எனக்குச் சம்பளம் வருதுல்லா? அப்ப எதுக்கு அவன் தரணும்? எனக்கு அதுதான் வேணும்."

பத்து வருஷச் சம்பளம் அளவுக்குத் தொகை. அறுபது வயது வரை. இதுதான் அக்கா போட்ட கணக்கு. ஏன் அறுபதோடு நிறுத்த வேண்டும் என்று கேட்டதற்கு, "அதுக்கு மேலயும் என்னை நம்பிக்கிட்டு வீட்ல ஒருத்தர் இருந்தா அது அவுக தப்பு" என்றார்.

மச்சான் வேண்டாவெறுப்பாக விண்ணப்பத்தை எடுத்தார். பெயர், வயது எழுதினார். தொழில் என்ற இடம் வந்ததும் பேனா தானாக ஓடியது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுதீக?"

"ஹவுஸ் ஒய்ப்னு போட்டிருக்கேன்க்கா. அதான் சேஃப்டி."

சேஃப்டி என்ற வார்த்தையை அக்காவின் முன்னால் தப்பாகப் பயன்படுத்திய முதல் ஆளும் கடைசி ஆளும் அவர்தான். அக்கா அந்தத் தாளை உருவி நாலாகக் கிழித்தார். "இருவது வருஷமா ஏழு மணிக்கு வந்து நிக்கேன். என்னை வீட்ல உக்கார வைக்கீகளோ? மச்சான்னு பாக்கேன். எந்திரிங்க!"

மச்சான் எழுந்த வேகத்தில் அவருடைய வழவழப்புக் காகிதங்கள் வாசல் வரைக்கும் பறந்தன.

அதன்பின் சாப்பாட்டு இடைவேளைகளில் என் கம்ப்யூட்டர் அக்காவுக்கானது. நான் ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியின் நிபந்தனையையும் படித்துத் தமிழில் சொல்லுவேன். அக்கா தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிக்கச் சொல்லுவார். ஓர் இடத்தில், விபத்தில் இறந்தால் இரட்டிப்புத் தொகை என்று போட்டிருந்தது. நான் உற்சாகமானேன்.

"கீழ பொடி எழுத்துல என்னலே இருக்கு?"

"அபாயகரமான தொழிலில் ஏற்படும் விபத்து நீங்கலாக..."

"அப்ப நான் மாடியில இருந்து விழுந்தாத்தான் குடுப்பான். எங்க வீட்ல மாடியே கெடையாது. அடுத்ததைப் பாரு."

ஒரு கம்பெனியில் இருந்து இளம்பெண் ஒருத்தி பேசினாள். சென்னைக் குரல், தேன் மாதிரி. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், உங்க ஆக்குபேஷன் சொல்லுங்க."

"பட்டாசுக் கம்பெனி போர்மேன்."

"கிராக்கர்ஸ் ஷாப்பா மேடம்?"

"கடை இல்ல தாயி. செய்யிற எடம்."

யாரையோ கலந்து பேசிவிட்டு வந்தாள். "மேடம், நீங்க வெடிமருந்தைக் கையால தொடுவீங்களா?"

"பின்ன காலாலயா தொடுவாக?"

"இல்ல மேடம்... ஆபீஸ் அட்மின்னு போட்டுக்கலாமான்னு கேக்கறாங்க."

"ஏந்தாயி, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயி, அட்மினுக்கு அந்த ரூம்ல என்ன வேலைன்னு ஒங்க ஆபீசுல கேட்டா, நீ வந்து எம் புருசனுக்குப் பதில் சொல்லுவியா?"

தேன் குரல் உடைந்துபோய், "சொல்ல மாட்டேன் மேடம்" என்றது. அதை ஒப்புக்கொண்டதற்காக அக்கா அந்தப் பெண்ணை ரொம்ப நாள் மெச்சிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கம்பெனி மறுத்துவிட்டது.

இரண்டாவது கம்பெனி அவ்வளவு சீக்கிரம் மறுக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், ஓடவிட்டு நெஞ்சுத் துடிப்பைப் பார்த்தார்கள். எல்லாம் சரி. கடைசியாக வீடியோவில் முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். அவர்கள் கூப்பிட்ட நேரம் காலை பதினொரு மணி. அக்காவின் போன் கேட்டில் இருந்த பெட்டிக்குள் கிடந்தது. மறுநாளும் பதினொரு மணி. மூன்றாவது நாள் நான் அறைகள் பக்கமாக ஓடி, தூரத்தில் நின்று, "அக்கா, அவங்க கூப்பிடறாங்க! ரெண்டே நிமிஷம், வெளிய வந்து பேசிட்டுப் போயிருங்க!" என்று கத்தினேன்.

"மருந்து கலக்கிக்கிட்டு இருக்காக. நான் இந்த எடத்தை விட்டு எங்கன வாரது? சாயங்காலம் கூப்பிடச் சொல்லு!"

விண்ணப்பதாரர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி அதையும் மூடிவிட்டார்கள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அக்காவுக்கு அப்போதுதான் சூடு பிடித்தது. மூன்றாவது கம்பெனிக்கு எழுதும்போது அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதமும் சேர்த்து எழுதினேன். இங்கிலீஷில் நான் எவ்வளவோ மெருகேற்றிப் பார்த்தும் அதன் சாரம் மாறவில்லை: "என் தொழில் ஆபத்தானது. நான் ஆபத்தானவள் இல்லை. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பாருங்கள்."

வாரிசுதாரர் பெயர் எழுத அக்காவின் கணவரைக் கூப்பிட்டோம். சாத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். சிரித்த முகம், இளகின மனசு. விஷயத்தைச் சொன்னதும் கண் நிறைந்துவிட்டது.

"ஏ புள்ள, எம் பேரைப் போடாத. நீ போயி, அந்தக் காசுல நான் சாப்பிடவா? ஒரு வாய் எறங்குமா எனக்கு?"

"எறங்கும். மொதல் மாசம் எறங்காது, அப்புறம் எறங்கும்" என்றார் அக்கா. அவர் இன்னும் விசும்புவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "இங்க பாருங்க. ஒங்க பேரைத்தான் போடுவேன். நீங்க அழுதுகிட்டே செலவு பண்ணுவீக, ஆனா ஒழுங்காப் பண்ணுவீக. புள்ள படிப்புக்கு மேல ஒரு ரூவாயை எடுக்க மாட்டீக. எனக்குத் தெரியும்லா? கையெழுத்தைப் போடுங்க."

அவர் கையெழுத்தைப் போட்டார். மை கொஞ்சம் கலைந்திருந்தது. அதைக் கம்பெனி ஆட்சேபிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நேரில் வந்து பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "நீ பாலிசி எடுக்கதுக்கு என் கம்பெனிக்குள்ள வெளியாள் எதுக்கும்மா வரணும்? வந்து எதையாவது எழுதிட்டுப் போனா? வேண்டாம். நான் உள்ள விட மாட்டேன்."

"தப்பா எழுத இங்கன என்ன இருக்கு மொதலாளி?"

"இருக்கோ இல்லையோ, சீசன்ல வேண்டாம்!"

"சரி. அப்ப என் கணக்கை முடிச்சு விட்ருங்க. நாளையில இருந்து வரல."

போர்மேன் இல்லாமல் கம்பெனியைத் திறக்க முடியாது. வாசலில் லாரி நின்றது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "வந்து தொலையட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

மதுரையில் இருந்து வந்தவர் இளைஞர். வழவழா சட்டை, ஷூ, இரண்டு செல்போன், இடுப்பில் சாவிக்கொத்து. அக்காவின் தலைவிதியே இன்று இவர் கையில் இருக்கிறது என்ற நினைப்பு எங்களுக்கெல்லாம் இருந்தது, அக்காவைத் தவிர.

"வாங்க சார். போனைப் பெட்டியில போடுங்க. ரெண்டையும். சாவியையும். ஷூவைக் கழட்டுங்க. சட்டை என்ன துணி?"

"பாலியஸ்டர் மிக்ஸ் மேடம்."

"கழட்டுங்க."

"மேடம்?"

"தம்பி, வாட்ச்மேன்கிட்ட பருத்திச் சட்டை ஒண்ணு இருக்கும், வாங்கிட்டு வா."

வாட்ச்மேன் ஆறடி ஆள். அவருடைய காக்கிச் சட்டைக்குள் மதுரை அதிகாரி பாதி காணாமல் போய்விட்டார். வெறுங்காலோடு, கையில் ஒரு நோட்டோடு, அக்காவின் பின்னால் நடந்தார். அறை வாசலில் செம்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க, உள்ளே போகிற எல்லோரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதிகாரியைத் தொடச் சொன்னார். தொட்டார். பயத்தில் இரண்டாவது தடவையும் தொட்டார்.

மருந்து கலக்கும் அறைக்கு முன்னால் வந்ததும் அவர் நோட்டைத் திறந்தார். "இதைத்தான் மேடம் முக்கியமா பாக்கணும். உள்ள போலாமா?"

அக்கா சுவரைக் காட்டினார். ஆட்கள் இரண்டு பேர் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போக முடியாது சார். ஆள் நெறைஞ்சாச்சு."

"சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துர்றேன் மேடம்."

"எட்டிப் பாக்கதும் ஆள்தான்."

"அப்ப அவங்கள்ல ஒருத்தரை வெளிய வரச் சொல்லுங்களேன்."

"கலவையை நடுவுல விட்டுட்டு வர மாட்டாக. முடியட்டும். இருங்க."

ஏழு மாதம் அலைந்து, சண்டை போட்டு, வேலையையே பணயம் வைத்து வரவழைத்த மனிதர். அவரை வாசலில் நிறுத்திவிட்டாரே! நான் தூரத்தில் நின்று கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி வேப்ப மரத்தடிக்குப் போய் நின்றார். சட்டத்தை மீறி மரத்தடியில் வைத்துப் பட்டாசு செய்யும் கம்பெனிகள் உண்டு. இங்கே அப்படி வேலை நடக்கவில்லை என்பதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் மேற்கே லேசாக இருட்டியது. நான் மனசுக்குள் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். பத்து நிமிஷம், பத்தே பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

அக்கா விசிலை ஊதிவிட்டார்.

எண்பது பேரும் தூக்குச் சட்டியோடு வெளியே வந்தார்கள். அறைகளைப் பூட்டினார்கள். அதிகாரியையும் சேர்த்து வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினார் அக்கா. அதிகாரி காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பரிதாபமாக நின்றார்.

"மேடம், நான் ஒண்ணுமே பாக்கலையே. ரிப்போர்ட்ல என்ன எழுதறது?"

"பாக்க விடலன்னு எழுதுங்க சார். ஏன் விடலன்னும் எழுதுங்க. நெசத்தை எழுதத்தான் ஒங்களை வரச் சொன்னேன். நான் பொய் சொல்லித்தான் பாலிசி வாங்கணும்னா ஏழு மாசத்துக்கு முன்னாடியே வாங்கியிருப்பேன்."

அவர் நின்றபடியே நோட்டில் இரண்டு வரி எழுதினார். பிறகு பெட்டியில் இருந்து போன்களை எடுத்துக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பினார். அன்று மழையும் வரவில்லை. சும்மா ஒரு தூறல்கூட இல்லை. நான் அக்காவோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அந்த அதிகாரி எழுதிய ரிப்போர்ட்டின் நகலைப் பிற்பாடு கேட்டு வாங்கிப் படித்தேன். ஒரே பக்கம். ஆள் வரம்பு காரணமாக அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை, வானிலை காரணமாக ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது, விண்ணப்பதாரரிடம் மூன்று முறை கேட்டும் விதியைத் தளர்த்தவில்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரி மட்டும் ஆபீஸ் பாஷையில் இல்லை. 'இவருக்கு மறுத்தால் நாம் யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.'

பாலிசி வந்தது. தொழிலைக் காட்டிக் கட்டணத்தைக் கூட்டித்தான் கொடுத்தார்கள். ஏன் கூட்டினார்கள் என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தொழில் அப்படி. நெசத்துக்குன்னு ஒரு வெலை இருக்கும்லா, கட்டிட்டுப் போறேன்" என்றார். முதல் பக்கத்தைத் திருப்பி, தொழில் என்ற இடத்தில் விரலை வைத்து, படிக்கச் சொன்னார். நான் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அன்று சாயங்காலம் முத்துமாரி வீட்டுக்குப் போய், அவளுடைய மூத்த மகளிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு வந்ததாகப் பிறகு அவர் கணவர் சொன்னார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் அவர் போர்மேனக்கா இல்லை. மறுவாரம் முதலாளியின் முன்னால் போய் நின்றார். "எனக்குச் சம்பளச் சீட்டு இருந்துச்சு, அதைப் பாத்துப் பாலிசி குடுத்தான். மத்த எண்பது பேருக்கும் சீட்டும் இல்ல, பாலிசியும் இல்ல. எல்லாருக்கும் சேத்துக் கம்பெனியே ஒரு பாலிசி எடுக்கணும்."

முதலாளி எதற்கோ வாயைத் திறந்தார். அக்காவின் கை சும்மா இருக்காமல் விசிலைத் தடவிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. ஆனாலும் முதலாளி ஜன்னல் வழியாக ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு, "மச்சானை வரச் சொல்லு" என்றார். மச்சான் வந்தார். எண்பது பேருக்கும் தொழில் என்ற இடத்தில் பட்டாசு என்று தன் கையாலேயே எழுதினார். அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அந்தச் சூட்டோடு நானும் ஒரு டேர்ம் பாலிசி எடுத்தேன். புகைபிடிப்பீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் அடித்தேன். தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்து முகர்ந்து பார்க்கும் சத்தம் கேட்டது. திரும்பாமலேயே டிக்கை மாற்றிவிட்டேன். இன்றைக்கும் அதற்காகக் கூடுதல் பணம்தான் கட்டுகிறேன்.

இப்போது நான் விருதுநகரில் இருக்கிறேன். போன மாதம் சாத்தூர் போயிருந்தபோது அக்காவைப் பார்த்தேன். மகள் நர்சாகிவிட்டாள். பாலிசி ஓடிக்கொண்டிருக்கிறது. என் பழைய குறும்பு போகவில்லை. "ஏக்கா, இம்புட்டு வருஷமாக் கட்டுதீகளே, அறுவது வயசுல ஒத்தப் பைசா திரும்ப வராதே, வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"வரக் கூடாதுன்னுதாம்லே கட்டுதேன்" என்றார் அக்கா. "அவன் காசை நான் தொடுவேனா? அறுவது முடிஞ்ச மறுநாள், இதே காலோட நடந்து போயி, பேப்பரை அவன் மேசையில வச்சு, போயிட்டு வாரேன் சார்னு சொல்லிட்டு வருவேன். நீயும் கூட வா."

லாபம் பார்க்கட்டும் என்று எந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்காகவும் நான் சாமி கும்பிட்டதில்லை. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, அக்கா கட்டிய பணத்தை மட்டும் அவர்கள் முழுசாக வைத்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.